சிவப்பு மையோடு திரும்பிய கட்டுரை: அறிகுறி பார்த்துப் பழுது நீக்குதல்

சிங்கப்பூரில் உயர்நிலை நான்கிலும் தொடக்கக்கல்லூரியிலும் படிக்கும் மாணவர்களுக்குத் துணைப்பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலையில், இலக்கியத்தை ஆராயும் கட்டுரைகளையும் சமூகச் சிக்கல்களைப் பேசும் கட்டுரைகளையும் வாரந்தோறும் திருத்துகிறேன். மாணவர் மாறுகிறார், தலைப்பு மாறுகிறது. ஓரக்குறிப்பு மட்டும் மாறுவதில்லை. "கதையைச் சொல்லியிருக்கிறீர்கள்", "மேற்கோள் பொருந்தவில்லை", "பொதுவாக இருக்கிறது", "வாக்கியம் புரியவில்லை" என்ற நான்கைந்து குறிப்புகளே பள்ளி ஆசிரியர்களின் கையிலிருந்தும் என் கையிலிருந்தும் திரும்பத்திரும்ப வருகின்றன. குறிப்பைப் பெற்ற மாணவர், அது விழுந்த வரியை மட்டும் மாற்றி எழுதிவிட்டு நிம்மதி அடைகிறார். அடுத்த கட்டுரையில் அதே குறிப்பு வேறொரு பத்தியின் ஓரத்தில் வந்து நிற்கிறது. ஏனெனில் பழுது வெளியே தெரிந்த இடம் ஒன்று, தொடங்கிய இடம் வேறொன்று.

ஆகவே, உங்கள் தாளில் உள்ள குறிப்பைக் கீழே உள்ள தலைப்புகளில் தேடி, அதன்கீழ்ச் சொல்லப்பட்டுள்ள காரணங்களை வரிசையாகச் சோதித்துப் பாருங்கள். செலவு குறைந்த காரணம் முதலில் வரும்; செலவு என்று நான் சொல்வது நேரத்தை. முதல் காரணத்திலேயே பழுது நீங்கிவிட்டால் அடுத்ததற்குப் போக வேண்டியதில்லை. எந்த அறிகுறியாக இருந்தாலும் தொடங்கும்முன் ஒரு வேலை உண்டு: வினாவை வினாத்தாளிலிருந்து பார்த்து, சொல் மாறாமல் ஒரு தனித்தாளில் எழுதிக் கட்டுரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நினைவிலிருந்து எழுத வேண்டாம். நினைவில் இருப்பது பெரும்பாலும் நாம் படித்துவைத்திருந்த வேறொரு வினாவாகவே இருக்கும்.

## அறிகுறி: "கதையைச் சொல்லியிருக்கிறீர்கள்"

இலக்கியக் கட்டுரைகளில் நான் மிக அதிகமாகக் காணும் பழுது இதுதான்.

### வினாவின் ஏவல் சொல்லைத் தவறாகப் படித்தது (ஐந்து நிமிடம்)

எழுதிவைத்த வினாவில் 'விளக்குக', 'ஆராய்க', 'ஒப்பிடுக', 'மதிப்பிடுக' ஆகியவற்றுள் எது இருக்கிறது என்று பாருங்கள். ஒரு மாணவருக்கு ஏறத்தாழ ஓராண்டு இதே குறிப்பை எழுதிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள் 'ஆராய்க' என்றால் என்ன என்று வாய்விட்டுக் கேட்டபோது, "விரிவாகச் சொல்ல வேண்டும்" என்றார். அவர் ஓராண்டாகச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தார். சொல்லின் பொருளைக் கேட்காமல் இருந்தது என் பிழை. 'ஆராய்க' என்றால் எப்படி, ஏன் என்ற வினாக்களுக்கு விடை சொல்ல வேண்டும். 'மதிப்பிடுக' என்றால் அதற்கும் மேலாக, உங்கள் தீர்ப்பையும் சொல்ல வேண்டும்.

### பத்திகள் கதையின் வரிசையில் நகர்வது (ஒரு மணி நேரம்)

சோதனை எளிது. ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் எடுத்து, ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். சிலப்பதிகாரத்தில் அறம் பிழைத்த அரசனை இளங்கோவடிகள் எவ்வாறு காட்டுகிறார் என்று ஆராயச் சொன்னால், எனக்கு வரும் கட்டுரைகளின் முதல் வாக்கியங்கள் ஏறத்தாழ இப்படி இருக்கும்: கோவலன் சிலம்பை விற்க மதுரைக்குச் சென்றான். பொற்கொல்லன் பொய் சொன்னான். அரசன் கோவலனைக் கொல்ல ஆணையிட்டான். கண்ணகி அவைக்கு வந்தாள். இவற்றைத் தொடர்ந்து படித்தால் கதை ஓடுகிறதா? ஓடினால் பழுது இங்கேதான் இருக்கிறது.

நீக்கும் வழி, ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தையும் நிகழ்ச்சியிலிருந்து கருத்துக்கு மாற்றுவதாகும். எடுத்துக்காட்டாக, "பாண்டியனின் குற்றம் கொடுமையில் பிறந்ததன்று, விசாரிக்காத அவசரத்தில் பிறந்தது" என்று ஒரு பத்தியைத் தொடங்கலாம். அதற்குச் சான்று வழக்குரை காதையிலேயே இருக்கிறது. கண்ணகி அரசனைக் கொடியவன் என்று விளிக்கவில்லை. 'தேரா மன்னா' என்றுதான் விளிக்கிறாள். தேர்தல் என்பது ஆராய்ந்து தெளிதல். அதைச் செய்யாதவன் என்பதே அவள் சுமத்தும் குற்றம். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டால் ஒரு பத்தி முழுவதும் எழுதலாம். அடுத்த பத்தியை, "தீர்ப்பை வழங்கும் வாயும் அரசனுடையதாகவே இருக்கிறது" என்று தொடங்கலாம். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்று அவனே சொல்கிறான்; கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்தவுடன், 'யானோ அரசன் யானே கள்வன்' என்று அவனே கூறி வீழ்கிறான். குற்றம் சாட்டியவள் தண்டிக்கவில்லை, குற்றவாளியே தண்டித்துக்கொள்கிறான் என்பது கவிஞர் செய்த தேர்வு. கதை அதே கதைதான். ஆனால் இப்போது நிகழ்ச்சிகள் கருத்துக்கு வேலை செய்கின்றன.

இதற்குமேல் கதையைச் சொல்ல வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். கட்டுரையைத் திருத்துபவருக்குக் கதை தெரியும். சான்றுக்குத் தேவையான அளவு, ஒரு வாக்கியமோ இரண்டோ போதும்.

### பனுவலைப் படிக்காமல் குறிப்புகளை மட்டும் படித்தது (ஒரு வாரம்)

முதல் வாக்கியங்களை மாற்ற முயன்றும் கருத்து எதுவும் வரவில்லையென்றால், நீங்கள் படித்தது மூலத்தையன்று, அதன் சுருக்கத்தைத்தான். சுருக்கத்தில் 'தேரா' என்ற சொல் இருக்காது; "கண்ணகி அரசனிடம் நீதி கேட்டாள்" என்றுதான் இருக்கும். ஆராய்வதற்கு ஏதும் மிஞ்சாத உணவு அது. இதற்குக் குறுக்குவழி கிடையாது. பாடப்பகுதியைப் பென்சிலோடு மறுபடியும் படிக்க வேண்டும். பழந்தமிழ்ச் சொற்கள் தடுத்தால் உரையோடு படியுங்கள். உரையோடு படித்தும் பத்து வரிக்கு மேல் நகர முடியவில்லையென்றால் வீட்டில் தனியாகப் போராட வேண்டாம், அது ஆசிரியரிடம் கொண்டுபோக வேண்டிய கட்டம்.

## அறிகுறி: "மேற்கோள் பொருந்தவில்லை"

ஒவ்வோர் ஆண்டும் சூலை மாதத்தில், 1964ஆம் ஆண்டு இனக் கலவரத்தை நினைவூட்டும் 21ஆம் தேதி இன நல்லிணக்க நாள் நெருங்கும்போது, கணியன் பூங்குன்றனார் என் மேசைக்கு வந்துவிடுவார். பத்துக் கட்டுரைகளில் எட்டு, 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' என்று தொடங்கும். அந்த வரி தவறன்று. அது அங்கே என்ன வேலை செய்கிறது என்பதுதான் கேள்வி.

முதல் சோதனை: மேற்கோளை விரலால் மறைத்துவிட்டுப் பத்தியைப் படியுங்கள். பொருள் குறையவில்லையென்றால் மேற்கோள் அலங்காரத்துக்கு வந்திருக்கிறது. அதை நீக்கிவிடலாம், அல்லது அதற்கடுத்த வாக்கியத்தில் அதிலுள்ள ஒரு சொல்லையாவது எடுத்துப் பேசலாம். பெரும்பாலான மேற்கோள் பழுதுகள் இந்த இரண்டில் ஒன்றால் தீர்ந்துவிடும்.

இரண்டாம் சோதனைக்குச் சற்று நேரம் ஆகும். மேற்கோள் வரும் பாடலை முழுமையாகப் படிக்க வேண்டும். புறநானூற்றின் 192ஆம் பாடல் முதல் வரியோடு முடிவதில்லை. தீமையும் நன்மையும் பிறர் தருவதால் வருவதில்லை என்றும், சாவு புதியதன்று என்றும், ஆற்று நீரோடு போகும் புணையைப்போல உயிர் முறைவழிப் போகிறது என்றும் அது தொடர்கிறது. அப்படித் தெளிந்ததனால் பெரியோரைக் கண்டு வியப்பதில்லை, சிறியோரை இகழ்வது அதனினும் இல்லை என்று முடிகிறது. அது மனத்தின் சமநிலையைப் பேசும் பாடல். விருந்தோம்பல் முழக்கமாக மட்டும் அதைப் படிப்பது ஒரு வரியை வைத்துக்கொண்டு பன்னிரண்டு வரிகளைத் தூக்கி எறிவதாகும். இன நல்லிணக்கத்தைப் பற்றி எழுதும் மாணவருக்கு உண்மையில் கைகொடுக்கக்கூடியது அந்தக் கடைசிப் பகுதிதான். பிற இனத்தவரைக் கேலி செய்யும் பழக்கத்தைப் பற்றிய பத்தியில், இகழ்தலை மறுக்கும் வரி முதல் வரியைவிட இயல்பாக உட்காரும். இப்படி எழுதிய ஒரு கட்டுரையை இதுவரை ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். அன்று முழுவதும் எனக்கு நல்ல நாளாக இருந்தது.

மூன்றாவது காரணம், மேற்கோளே தவறாக இருப்பது. மனப்பாடத்தை நம்ப வேண்டாம். நூலைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் சரிபாருங்கள். வரி நினைவில் உறுதியாக இல்லாத தேர்வு அறையில், மேற்கோள் குறி இல்லாமல் கருத்தை உங்கள் சொற்களில் எழுதுவது பாதுகாப்பானது.

## அறிகுறி: "பொதுவாக இருக்கிறது"

இது சமூகச் சிக்கல் கட்டுரைகளின் நோய். சோதனை: கட்டுரையில் 'சிங்கப்பூர்' என்று வரும் இடங்களிலெல்லாம் வேறொரு நாட்டின் பெயரைப் போட்டுப் படியுங்கள். கட்டுரை அப்போதும் உண்மையாகவே இருந்தால், அது எந்த நாட்டைப் பற்றியும் எழுதப்படவில்லை.

இடம், காலம், ஆள் மூன்றும் விடுபட்டிருத்தல். மலிவான காரணம் இது. "முதியோர் தனிமையில் வாடுகின்றனர்" என்பதற்குப் பதிலாக, எந்த முதியோர், எங்கே, எந்த நேரத்தில் என்று எழுதுங்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) இரண்டறை வீட்டில் தனியாக வசித்து, காலையில் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்திலும் மதியத்தில் உணவங்காடி நிலையத்திலும் உட்கார்ந்திருப்பவரை நீங்கள் தினமும் பள்ளிக்குப் போகும்போதே பார்க்கிறீர்கள். கற்பனை தேவையில்லை.

மாதிரிக் கட்டுரையை மனப்பாடம் செய்தது. அடையாளம்: "இக்கால இளையர்கள்", "மேலைநாட்டு மோகம்", "கூட்டுக்குடும்பம் சிதைந்தது" ஆகிய மூன்றும் ஒரே பக்கத்தில் இருக்கும். மனப்பாடப் பத்தி நன்றாக ஓடும். எங்கேயும் போகாது. அதை அடித்துவிட்டு, அதே இடத்தில் உங்களுக்குத் தெரிந்த ஒரே ஒரு செய்தியை எழுதுங்கள்.

செய்தியே தெரியாதது. இதுதான் செலவு மிக்க காரணம். முதியோரைப் பற்றிய கட்டுரைகளின் இறுதியில், பெற்றோரைக் கைவிடும் பிள்ளைகளைத் தண்டிக்க அரசாங்கம் சட்டம் கொண்டுவர வேண்டும் என்று பரிந்துரைக்கும் மாணவர்கள் அநேகர். பெற்றோர் பராமரிப்புச் சட்டம் இங்கே 1995ஆம் ஆண்டே நிறைவேறிவிட்டது. தம்மைத் தாமே பராமரிக்க இயலாத, 60 வயதை எட்டிய பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்க அது வழிசெய்கிறது. இல்லாத சட்டத்தைக் கேட்கும் கட்டுரையைவிட, இருக்கும் சட்டம் தனிமையை ஏன் தீர்க்கவில்லை என்று கேட்கும் கட்டுரை பல படி மேலானது: பணத்தை நடுவர் மன்றத்தின் ஆணையால் வரவழைக்கலாம், ஞாயிற்றுக்கிழமை மாலை வந்து பேசிக்கொண்டிருக்கச் சொல்லி எந்த ஆணையும் பிறப்பிக்க முடியாது. இந்த ஒரு முரணை வைத்தே கட்டுரையின் பாதியை எழுதலாம். 2030ஆம் ஆண்டுவாக்கில் சிங்கப்பூரர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 65 வயதை எட்டியிருப்பார் என்ற அரசாங்க முன்கணிப்பை அதன் பக்கத்தில் வைத்தால், சிக்கலின் அளவும் தெரிந்துவிடும்.

செய்தி திரட்டும் வேலையை ஒரு மாலையில் முடித்துவிட முடியாது. வாரத்துக்கு இரண்டு நாள் தமிழ் முரசு நாளிதழைப் படிப்பவருக்குத் தேர்வுக்கு முன் தேடும் வேலை இருக்காது. படிக்காதவருக்கு ஒரு வாரம் போகும்.

## அறிகுறி: "இந்த எண் எதைக் காட்டுகிறது?"

எண் இருந்தால் கட்டுரை வலுப்பெறும் என்று நாங்கள்தான் சொல்லிக்கொடுத்தோம். அதனால் வரும் பழுது இது. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி ஆங்கிலம் என்று கூறிய இந்தியர்களின் விகிதம் 59.2 விழுக்காடு, 2010இல் அது 41.6 விழுக்காடாக இருந்தது. இதை மாணவர் கட்டுரையில், "59.2 விழுக்காட்டுத் தமிழர்கள் வீட்டில் தமிழ் பேசுவதில்லை" என்று பார்க்கிறேன். ஒரே வாக்கியத்தில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. கணக்கெடுப்பு சொன்னது இந்தியர்களைப் பற்றி. அவர்களுள் மலையாளம், பஞ்சாபி, இந்தி முதலிய மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் உண்டு. அடுத்து, 'மிகுதியாகப் பேசுவது ஆங்கிலம்' என்பதற்குத் 'தமிழ் பேசுவதே இல்லை' என்று பொருளாகாது. அப்பாவிடம் ஆங்கிலமும் பாட்டியிடம் தமிழும் பேசும் பிள்ளையும் அந்த 59.2க்குள் இருக்கலாம்.

எண்ணை எழுதும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: யாரை எண்ணினார்கள், என்ன கேட்டார்கள், எந்த ஆண்டு? மூன்றுக்கும் விடை தெரியாத எண்ணை விட்டுவிடுங்கள். 'பெரும்பாலோர்' என்று எழுதியதற்காக யாரும் மதிப்பெண் குறைத்து நான் பார்த்ததில்லை.

## அறிகுறி: "இரண்டு கட்டுரைகளை ஒட்டியதுபோல் இருக்கிறது"

ஒரு சிறுகதையை வைத்துச் சமூகச் சிக்கலை ஆராயச் சொல்லும் வினாவில் இது தோன்றும். முதல் பாதியில் கதையும் இரண்டாம் பாதியில் நாளிதழும் இருக்கும். நடுவில் "இக்கதை இன்றைய சமுதாயத்தைப் பிரதிபலிக்கிறது" என்ற ஒரு பாலம் மட்டும் தொங்கும்.

முதலில் கதை வெளிவந்த ஆண்டைப் பாருங்கள். இல்லப் பணிப்பெண் ஒருத்தி விடுப்பே இல்லாமல் உழைப்பதாக ஒரு கதை சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். பணிப்பெண்களுக்கு வாராந்தர ஓய்வுநாள் என்ற விதி 2013ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்தது. மாதத்தில் ஓர் ஓய்வுநாளையாவது பணம் கொடுத்து ஈடுசெய்ய முடியாது என்ற விதி 2023ஆம் ஆண்டில் வந்தது. கதை 1990களில் எழுதப்பட்டிருந்தால், அந்த வீட்டு முதலாளி விதியை மீறவில்லை. மீற விதியே இல்லை. அப்படியானால் எழுத்தாளர் சட்டமீறலைக் காட்டவில்லை, எல்லாரும் இயல்பென்று ஏற்றுக்கொண்டதைக் காட்டுகிறார். கட்டுரையின் வாதம் இங்கேயே திசை மாறிவிடும். ஆண்டைக் கண்டுபிடிக்க நூலின் உள்பக்கத்தைத் திருப்பினால் போதும். ஆயினும் இதைச் செய்யும் மாணவர் அரிது.

ஆண்டு சரியாக இருந்தும் ஒட்டவில்லையென்றால், கதையை நீங்கள் செய்தியாகப் படித்திருக்கிறீர்கள். கதை சான்று தராது, பார்வையைத் தரும். யார் கண்வழியாகக் கதை சொல்லப்படுகிறது, பணிப்பெண்ணுக்குப் பெயர் இருக்கிறதா அல்லது 'வேலைக்காரி' என்றே அழைக்கப்படுகிறாளா, அவள் பேசும் வரிகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். பத்துப் பக்கக் கதையில் அவள் இரண்டு வரிதான் பேசுகிறாள் என்றால், அந்த மௌனமே இலக்கியத்துக்கும் சமூகத்துக்கும் நடுவிலுள்ள பாலம்.

பழைய சிங்கப்பூர்க் கதைகளின் பின்னணி தெரியவில்லையென்றால் தேசிய நூலகத்துக்குப் போக வேண்டிய கட்டம் வந்துவிட்டது. விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள லீ கொங் சியான் மேற்கோள் நூலகத்தில் தமிழ்த் தொகுப்பு இருக்கிறது. நூல்களை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, ஆகவே குறிப்பேட்டோடு போங்கள். பழைய தமிழ் முரசு இதழ்கள் பலவற்றை நூலக வாரியத்தின் மின்னிலக்க நாளிதழ்த் தொகுப்பில் படிக்கலாம். என்ன தேடுகிறீர்கள் என்று நூலகரிடம் ஒரு வாக்கியத்தில் சொல்ல முடிந்தால், வேலை பாதியாகக் குறையும்.

## அறிகுறி: "வாக்கியம் புரியவில்லை"

ஒற்றுப்பிழையால் இந்தக் குறிப்பு விழுவதில்லை. ஆனாலும் மாணவர்கள் முதலில் ஒற்றைத்தான் திருத்துகிறார்கள், அது எளிது என்பதால். அதற்கு இரண்டு விதிகள் போதும்: 'ஐ' உருபுக்குப் பின்னும் 'கு' உருபுக்குப் பின்னும் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும். 'அதைப் பற்றி', 'வீட்டுக்குச் சென்றார்' என்று எழுதிவிட்டால், ஒற்றுப்பிழைகளில் பெரும்பகுதி போய்விடும். அதன்பின் உண்மையான பழுதைத் தேடலாம்.

எழுவாய்க்கும் பயனிலைக்கும் விரலால் கோடு போட்டுப் பாருங்கள். "எழுத்தாளர் இக்கதையில் தனிமையில் வாடும் முதியவரின் துன்பம் நமக்கு உணர்த்தப்படுகிறது" என்ற வாக்கியத்தில் எழுத்தாளர் எதையும் செய்யாமல் அந்தரத்தில் நிற்கிறார். "துன்பத்தை நமக்கு உணர்த்துகிறார்" என்று முடித்தால் அவருக்கு வேலை கிடைத்துவிடும். நீண்ட வாக்கியம் எழுதுவது குற்றமன்று. தொடக்கத்தை மறந்துவிட்டு முடிப்பதுதான் குற்றம்.

எழுவாய் சரியாக இருந்தும் வாக்கியம் விளங்கவில்லையென்றால், அது ஆங்கிலத்தில் பிறந்திருக்கிறது. "இக்கதை முதியோர்மீது வெளிச்சம் போடுகிறது", "நாளின் முடிவில் பிள்ளைகளே பொறுப்பு" என்பன என் மேசையில் அடிக்கடி விழுபவை. முதலாவதை, "முதியோர் படும் பாட்டை இக்கதை காட்டுகிறது" என்றும், இரண்டாவதை, "எப்படிப் பார்த்தாலும் பிள்ளைகளே பொறுப்பு" என்றும் சொன்னால் தீர்ந்தது. சோதனை: வாக்கியத்தைப் பாட்டியிடமோ தமிழ் பேசும் அண்டைவீட்டாரிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் "என்ன சொல்ற?" என்று கேட்டால் மாற்றி எழுதுங்கள். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டெடுத்த பத்திக்கும் இதே சோதனை பொருந்தும். அப்பத்தி வழவழவென்று இருக்கும், ஆனால் அதில் உங்கள் குரல் இராது, திருத்துபவருக்கு அது மூன்றாவது வரியில் தெரிந்துவிடும்.

## அறிகுறி: முன்னுரையும் முடிவுரையும்

முன்னுரையை ஒரு தாளால் மறைத்துவிட்டுப் படியுங்கள். இழப்பு தெரியவில்லையென்றால் நீக்குங்கள். முடிவுரையில் "ஆகவே நாம் அனைவரும்" என்று தொடங்கும் வாக்கியம் இருந்தால், அது வினாவுக்கு விடையா என்று பக்கத்திலுள்ள தனித்தாளைப் பார்த்து முடிவெடுங்கள்.

## எப்போது ஆசிரியரிடம் போக வேண்டும்?

ஒரே குறிப்பு தொடர்ந்து மூன்று கட்டுரைகளில் வந்து, மேலே சொன்ன சோதனைகளைச் செய்தும் நிற்கவில்லையென்றால் போங்கள். குறிப்பின் பொருளே விளங்கவில்லையென்றால் முதல் முறையே போங்கள். எங்கள் கையெழுத்தைப் பற்றி எங்களுக்கே நல்ல எண்ணம் கிடையாது.

வேறொரு வகைக் கட்டுரையும் உண்டு. குடும்ப வன்முறை, சூதாட்டம், குடி ஆகியவற்றைப் பற்றி எழுதும்போது, சில மாணவர்கள் தங்கள் வீட்டையே எழுதிவிடுகிறார்கள். பத்தி திடீரென்று நின்றுவிடும், அல்லது நிறுத்த முடியாமல் ஓடும். அது எழுத்தில் உள்ள பழுதன்று. அதைத் திருத்தும் தகுதி எனக்கும் இல்லை. அந்தக் கட்டுரையை ஒப்படைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வேறு தலைப்பு கேட்கலாம். நம்பிக்கையான ஓர் ஆசிரியரிடமோ பள்ளி ஆலோசகரிடமோ நேராகப் பேசுங்கள். பெற்றோரோ துணைப்பாட ஆசிரியரோ அத்தகைய கட்டுரையைக் கண்டால், சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முதலில் பிள்ளையிடம் பேச வேண்டும்.

மற்றபடி ஆசிரியரைப் பார்க்கப் போகும்போது, சிவப்பு மை உள்ள மூலத்தாளையும் வினா எழுதிய தனித்தாளையும் கொண்டுபோங்கள். திருத்தி எழுதிய நல்ல படியை மட்டும் காட்டினால் அவருக்குப் பழுது தெரியாது. எந்தெந்தச் சோதனைகளைச் செய்தீர்கள் என்பதை ஓரத்தில் பென்சிலால் குறித்துவையுங்கள். "என் கட்டுரை நன்றாக இருக்கிறதா?" என்று கேட்காமல், "இந்தப் பத்தியின் முதல் வாக்கியம் கருத்தா, நிகழ்ச்சியா?" என்பதுபோல் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். தேர்வுக்கு முந்தைய வாரத்தில் போக வேண்டாம். அப்போது ஆசிரியர் அறைக்கு வெளியே வரிசை நிற்கும், உங்களுக்குக் கிடைக்கும் நேரத்தில் அவரால் ஒற்றுப்பிழையைத்தான் திருத்தித்தர முடியும்.